தோள்பட்டைக் காளை

பனியன் கம்பெனி முத்திரை கொஞ்சம் கோணினாலும் யாரும் கேட்பதில்லை, பட்டாளத்துத் தோள் சின்னம் அப்படியில்லை என்று, எம்பிராய்டரி மிஷினோடு மல்லுக்கட்டும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மாதிரி வந்தது

அறுபதுகளின் நடுவில், எல்லையில் சண்டை வரும் என்ற பேச்சு திருப்பூர் டீக்கடை வரை வந்திருந்த சமயம். உடுமலைப்பேட்டைக்காரரான ஒரு சுபேதார் என் பட்டறைக்கு வந்தார். அவர் படைப்பிரிவுக்குத் தோள் சின்னம் வேண்டும். வாரக் கடைசியில் ரயிலேறுகிறார்கள். மாதிரியில் தலை குனிந்த ஒரு காளை, கழுத்தில் நுகத்தடி. ஏன் குனிந்திருக்கிறது என்று கேட்டேன். முன்னொரு காலத்தில் மலைப்பாதையில் பீரங்கி இழுத்த மாடுகள் செத்து விழ, சிப்பாய்களே நுகத்தில் தோள் கொடுத்து மேலே ஏற்றினார்களாம். போகும்போது சொன்னார்:

"அது மாடு இல்லீங்க, எங்காளுங்க. பார்த்துத் தையுங்க."

நிமிர்ந்த தலை

என்னிடம் வேலை செய்த பழனியம்மாளின் தம்பி வேலுச்சாமி அதே பிரிவில் சிப்பாய். அதனால் அவளிடமே கொடுத்தேன். சுபேதார் வந்து பார்த்தபோது, அத்தனையும் சந்தையில் பரிசுக்கு நிற்கிற காங்கேயம் காளைகள். திமில் எழும்பி, தலை நிமிர்ந்து, நுகத்தடிக்கே இடமில்லை. பழனியம்மாள் அழுதாள். தலை தொங்கினால் சீக்கு மாடு என்பார்கள், நல்லபடியாகத் திரும்ப வேண்டிய தம்பியின் தோளில் அதைத் தைக்க மனசு வரவில்லை என்றாள். சுபேதார் கோபப்படவில்லை.

"பாரம் இழுக்கற மாடு குனிஞ்சுதான் கண்ணு போகும். மாத்தித் தெச்சுக் குடு, உந்தம்பியை என் பக்கத்துலயே வெச்சுக்கறேன்."

தம்பி வந்தான்

அவள் எல்லாவற்றையும் புதிதாகத் தைத்தாள். ரயிலுக்கு முன் சரக்கு போய்விட்டது. பிறகு சண்டை மூண்டது. தம்பியிடமிருந்து தபால் இல்லை. பழனியம்மாள் உட்கார்ந்தால் நூல் அறுந்துகொண்டே இருந்தது, திட்ட எனக்கு வாய் வரவில்லை. சண்டை ஓய்ந்து வெகுநாள் கழித்து, ஒரு மத்தியானம் வேலுச்சாமி பட்டறை வாசலில் நின்றான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பையிலிருந்து சீருடைச் சட்டையை எடுத்து நீட்டினான். காளையின் மேல் ஓர் ஓட்டை, சுற்றிலும் துவைத்தும் போகாத கறை. குண்டு தோளை உரசிக்கொண்டு போயிருக்கிறது.

"வேற மாடு ஒண்ணு வெச்சுத் தெச்சுக் குடுங்கக்கா. ஊட்டுல அம்மாகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க."

தைத்துக் கொடுத்த சரக்கு திரும்பி வந்தால் நம் முகம் எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். திரும்பி வந்ததற்காக நான் சாமிக்குத் தேங்காய் உடைத்த சரக்கு அது ஒன்றுதான்.