கை தூக்காத தெரு

வனிதா, தினேஷ்,

இதை நீங்கள் இருவரும் ஒரே நேரத்தில் படிக்கமாட்டீர்கள் என்று தெரியும். தினேஷ் திருப்பதியில் அலிபிரி லாட்ஜில் ஷிப்டு முடிந்து அறைக்குப் போனபின் படிப்பான். வனிதா உடனே படித்துவிட்டுப் பிழை திருத்துவாள். திருத்தட்டும். எட்டாவதோடு நிறுத்திய உங்கள் அப்பாவின் எழுத்து இது.

வனிதாவுக்கு வார்டு சச்சிவாலயத்தில், அதாவது வார்டு ஆபீசில், வேலை கிடைத்திருக்கிறது. இனி ஜனங்களைக் கூட்டி உட்காரவைத்து, ‘அனைவரும் ஒப்புக்கொண்டனர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. மோட்டார் எரிந்த வாரம்

நம்ம ஊர் முனிசிபாலிட்டி சின்னது என்று உங்களுக்குத் தெரியும். தண்ணீர் விட அதற்குச் சொந்தமாக ஆள் கிடையாது. சித்தூர்க்காரர் ஒருவர் காண்டிராக்ட் எடுத்திருந்தார். நான் அவரிடம் பம்ப் ஆபரேட்டர். போர்வெல் மோட்டாரை ஓட்டி ஓவர்ஹெட் டேங்க்கை நிரப்புவது, தெருத் தெருவாகப் போய் வால்வு திறப்பது, மூடுவது. இதுதான் வேலை.

ஒரு கோடையில் பெரிய போரின் மோட்டார் எரிந்தது. காண்டிராக்டர் போனை எடுக்கவில்லை. மறுநாள் போன் நம்பரே இல்லை என்றது. டேங்க் காலி. ஜனம் குடத்தோடு வந்து என்னைச் சூழ்ந்துகொண்டது. அந்தக் கூட்டத்தில் முன்னால் நின்றவள் தேசம்மா அக்கா. பள்ளிக்கூடத் தெரு டுவாக்ரா குரூப்பின், அதாவது பெண்கள் சேமிப்புக் குழுவின், லீடர். இட்லிக் கடை வைத்திருந்தாள்.

“இன்னா வரதா, டேங்கு அழகாத்தான் கீது. பொட்டு வச்சி பாத்துக்கினே இருக்கலாம். தண்ணி எங்க?”

“காண்டிராக்டர் ஓடிட்டாருக்கா. நான் இன்னா பண்றது?”

“மோட்டார் ஏத்தி எறக்க உனக்குத் தெரியுது. ஜனத்த சேக்க எங்களுக்குத் தெரியுது. நடுவுல அந்தாளு இன்னாத்துக்கு?”

விளையாட்டாகச் சொன்னாள் என்று நினைத்தேன். அந்த வாரமே பெண்கள் குரூப்புகளும் ஆபரேட்டர்கள் நாங்களும் சேர்ந்து ஒரு கூட்டுறவுச் சங்கம் வைத்தோம். குழாய் இருக்கிற வீடெல்லாம் மெம்பர். அவர்கள் கட்டிய பணத்தில்தான் மோட்டாரைச் சரிசெய்தோம். தேசம்மா பிரசிடெண்ட். கமிஷனர் சாரிடம் போய் நின்றோம். தலைவலி விட்டது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. தெலுங்கில் “மீரே சூஸ்கோண்டி” என்றார். நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சந்தோஷமாகவே சொன்னார். அந்த வார்த்தை பிறகு எங்கள் கழுத்துக்கு வரும் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

2. டேங்க் அடி

சங்கம் நன்றாகத்தான் நடந்தது. இதை நீங்கள் நம்ப வேண்டும். நான் இதற்கு மேல் எழுதப்போவதைப் படித்துவிட்டு, சங்கம் என்றாலே வீண் என்று நினைத்துவிடக் கூடாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டேங்க்குக்கு அடியில் நிழலில் கூட்டம். எந்தத் தெருவுக்கு எப்போது டர்ன், எங்கே லீக், எந்த வால்வில் கிளாண்டு தேய்ந்து ஒழுகுகிறது, எல்லாம் அங்கே வாய்விட்டுப் பேசுவார்கள். கடைசியில் தேசம்மா கேட்பாள், வந்தவர்கள் கை தூக்குவார்கள். அதுதான் முடிவு. கவுன்சிலர்களின் காலம் முடிந்து, எலெக்ஷன் வைக்காமல் இழுத்துக்கொண்டிருந்த சமயம் அது. கேள்வி கேட்க ஊரில் வேறு இடமே இல்லை. தெருவிளக்கு, சாக்கடை என்று தண்ணீருக்குச் சம்பந்தமில்லாத பிராதுகளும் அங்கேதான் வந்தன. முனிசிபாலிட்டி அசிஸ்டெண்ட் எஞ்சினியர், ஏ.ஈ. சார், வந்து கேட்டுக்கொண்டு போவார். ஆபீசில் உட்கார்ந்தால் தெரியாதது இங்கே தெரிகிறது என்று அவரே சொன்னார்.

கல் குவாரி காலனியிலிருந்து கன்னியம்மா தவறாமல் வருவாள். குவாரியில் ஜல்லி உடைக்கிறவள். காலனி ஊரின் கோடியில், மேட்டில் இருக்கிறது. லைனில் அதுதான் டெயில் எண்ட், தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேருகிற இடம். அவள் வந்தால் பஜார் தெரு பாஸ்கருக்கும் அவளுக்கும் சண்டை நிச்சயம். பாஸ்கர் செல்போன் கடைக்காரர்.

“கன்னியம்மா வந்துடுச்சி, இனிமே நமக்குத் தண்ணி இல்ல,” என்பார்.

“நீ கடை வாசல்ல ரோட்டக் குளிப்பாட்டற தண்ணியக் குடுத்தா போதும் நைனா, நாங்க ஊரே குளிச்சிடுவோம்,” என்பாள்.

எல்லாரும் சிரிப்பார்கள். பாஸ்கரும் சிரிப்பார். காலனிக்கு டர்ன் கிடைத்துவிடும்.

3. காலைக் கூட்டம்

அடுத்த வருடம் மழை ஏமாற்றியது. மாசியிலேயே இரண்டு போர்கள் காற்றை இழுத்தன. மோட்டார் ஓடும், குழாயில் ‘புஸ்’ என்று சத்தம் மட்டும் வரும். மீதி இருந்த போருக்குக் காலையில்தான் த்ரீ ஃபேஸ் கரண்ட். அதனால் ஜனம் காலையில்தான் குடத்தோடு டேங்க் அடிக்கு வந்தது. ‘எல்லாரும் இங்கதான் கீறோம், கூட்டத்தையும் காலையிலேயே வெச்சிடலாம்’ என்று யாரோ சொன்னார்கள். யார் என்றுகூட எனக்கு ஞாபகமில்லை. நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஆட்டோவில் மைக் கட்டி ஊர் முழுக்கச் சொன்னோம்.

குவாரி டிராக்டர் விடியும் முன்பே காலனி ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். மைக் ஆட்டோ காலனிக்குப் போனபோது அங்கே நாய்கள்தான் இருந்திருக்கும்.

சித்திரையில் டேங்க் பாதிகூட நிறையவில்லை. டேங்க் நிறைந்தால்தான் காலனி மேட்டுக்குத் தண்ணீர் ஏறும். பாதி டேங்க்கில் ஏற்ற வேண்டுமானால் மற்ற எல்லா வால்வையும் மூட வேண்டும். ஊருக்கே ஒரு டர்ன் போய்விடும். கூட்டத்தில் இதை நான்தான் எடுத்துச் சொன்னேன். சொல்வது என் வேலை.

பாஸ்கர் எழுந்தார். “நாலு வூட்டுக்காக ஊரெல்லாம் நாக்கத் தொங்கப் போடணுமா? காலனிக்கு முனிசிபாலிட்டி டேங்கர் அனுப்பட்டும். மழை வரவரைக்கும்தான?”

நான், “காலனி ஆளுங்க யாரும் வரலியே,” என்றேன்.

“மைக்ல சொன்னமா இல்லியா வரதண்ணா? வராதவங்கள தூக்கிக்கினு வர முடியுமா?”

தேசம்மா என்னைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள். அவளும் முந்தின ராத்திரி முழுக்கக் குடம் வைத்துக் காத்திருந்து வந்தவள்தான். “கை தூக்குங்க,” என்றாள். எல்லாக் கைகளும் எழுந்தன. ஒரு கைகூட எதிர்த்து எழவில்லை. அன்றே காலனி வால்வை மூடினேன்.

அங்கே கெட்டவர் யாரும் இல்லை. பாஸ்கர் வீட்டில் படுக்கையில் கிடக்கும் அப்பாவைத் துடைக்கத் தண்ணீர் இல்லை. தேசம்மாவின் கடை மூடிக் கிடந்தது. எல்லாரும் அவரவர் வீட்டை நினைத்துக் கை தூக்கினார்கள்.

4. டேங்கர்

கமிஷனர் டேங்கருக்கு ஒப்புக்கொண்டார். டேங்கர் வரவும் செய்தது. ஆனால் புத்தூர்ப் பக்கம் நிரப்பிக்கொண்டு காலனிக்கு வந்து சேர உச்சி வெயிலாகிவிடும். அந்நேரம் காலனியில் யார் இருப்பார்கள்? டிரைவர் ஹார்ன் அடித்துப் பார்த்தார், பிறகு வண்டியைத் திருப்பினார். சில நாள் பார்த்துவிட்டு, ‘அங்கு தேவை இல்லை’ என்று ஆபீசில் சொல்லிவிட்டார். டேங்கர் நின்றது. நின்றது எங்களுக்குத் தெரியாது. நாங்களும் விசாரிக்கவில்லை.

வேலை விட்டு வந்த பெண்கள் பழைய குவாரிக் குழியில் இறங்கித் தண்ணீர் மொண்டார்கள். கல் எடுத்து விட்ட பள்ளம் அது. ஓரமெல்லாம் செங்குத்து. ஒரு பக்கம் மட்டும் பாறை சரிவாக இருக்கும், அதில் பாசி.

ஒரு சாயங்காலம் கன்னியம்மா என்னை ரோட்டில் மடக்கினாள். முகமெல்லாம் கல் தூசி.

“இன்னாண்ணா, எங்க வால்வுக்கு மட்டும் துரு புடிச்சிக்கிச்சா?”

“கூட்டத்துல முடிவு பண்ணாங்கம்மா.”

“எந்தக் கூட்டத்துல? சாயங்காலம் வந்து பாத்தா டேங்கு அடியில ஒரு ஆளும் இல்ல. எங்கள யாரு கேட்டா?”

“கூட்டம் காலைக்கு மாறிடுச்சி. மைக்ல சொன்னாங்க.”

சிரித்தாள். கோபத்தில் சிரிக்கிற சிரிப்பு. “கல்லு ஒடைக்கிற சத்தத்துல உங்க மைக் கேக்குமாண்ணா? சரி, வர்ற வெள்ளிக்கெழம வேலைக்குப் போவல. வந்து கைய தூக்கறேன். என் ஒரு கையி போதுமா?”

“வாம்மா, நானும் பேசறேன்,” என்றேன்.

வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் அவள் குழியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம். கூட வந்தவர்கள் யாருக்கும் நீந்தத் தெரியாது. கயிறும் இல்லை. ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

5. அதற்குப் பிறகு

அந்த வெள்ளிக்கிழமை அவள் புருஷன் ஏழுமலை வந்தார். வேட்டியில் இன்னும் ஈரம் இருந்தது. பாஸ்கர் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். அவர் உட்காரவில்லை.

“யாரு கை தூக்கினாங்கன்னு கேக்க வரல,” என்றார். “உங்க புள்ளைங்க தாகமும் தாகந்தான். எங்க தெருவுக்கு வந்து ஒரு வார்த்த கேட்டிருந்தா, எங்க டர்ன நாளு விட்டு நாளு எடுத்துக்கோங்கன்னு நாங்களே சொல்லியிருப்போம். கேக்கலியே. அதச் சொல்லிட்டுப் போவத்தான் வந்தேன்.”

சொன்னார், போய்விட்டார்.

கமிஷனர் எங்களை ஆபீசுக்குக் கூப்பிட்டார். காலனி வால்வை மூடியது சங்கத்தின் தீர்மானம், முனிசிபாலிட்டி முடிவு இல்லை என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார். மறுபடி காண்டிராக்டரைக் கொண்டுவரப் போவதாகவும் சொன்னார். தேசம்மாவுக்கு அழுது அழுது குரலே இல்லை. அந்தக் குரலில்தான் பேசினாள்.

“நாங்க செஞ்சது தப்பு சார். எந்தப் பேப்பர்ல வேணாலும் எழுதித் தர்றேன். ஆனா போரு உங்களுது, பைப்பு உங்களுது. தண்ணி வந்தப்ப டேங்கு மேல முனிசிபாலிட்டி பேர பெயிண்ட் அடிச்சீங்க. அந்தப் பொம்பள செத்தப்ப மட்டும் சங்கமா? நீங்களே பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டு நீங்க பாக்கவேயில்லியே சார்.”

அதற்குப் பிறகு கமிஷனர் அந்தப் பேப்பரைக் கேட்கவில்லை. காண்டிராக்டரும் வரவில்லை. சங்கம் இருக்கிறது. இப்போது ஒரு தெருவின் டர்னைக் குறைக்க வேண்டுமானால், அந்தத் தெருவுக்கே போய், அவர்கள் வீட்டில் இருக்கிற நேரத்தில் கேட்க வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால் குறைக்கக் கூடாது. தட்டுப்பாடு வந்தால் முதல் டர்ன் டெயில் எண்டுக்கு. ஏ.ஈ. சாரும் கூட வர வேண்டும். கூட்டம் மறுபடி சாயங்காலத்துக்கு மாறியது.

காலனிக்குத் தண்ணீர் போகிறது. ஆனால் காலனியிலிருந்து கூட்டத்துக்கு ஒருவரும் வருவதில்லை. நாங்கள் போய்க் கேட்டால், “உங்க இஷ்டம் சார்,” என்கிறார்கள். ஏழுமலை என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்லிவிட்டு ஒதுங்கிப் போகிறார். அவர்கள் சண்டை போட்ட காலத்தில் அவர்களுக்கு எங்கள் மேல் நம்பிக்கை இருந்திருக்கிறது. அது இப்போதுதான் புரிகிறது.

வனிதா, காண்டிராக்டர் காலத்தில் காலனிக்குத் தண்ணீர் நின்றால் நிறுத்தியது யார் என்றே தெரியாது. சங்கம் வந்தபின், நாங்கள்தான் என்று தெரிந்தது. முனிசிபாலிட்டிக்குத் தோள் கொடுக்க நம்மைப் போன்றவர்கள் சேர்வது நல்லது என்றுதான் இன்றைக்கும் சொல்லுவேன். ஆனால் நாம் சேர்ந்து எடுத்தோம் என்பதனாலேயே ஒரு முடிவு நியாயமாகிவிடாது. நீ கூட்டம் போடும்போது வந்தவர்கள் எவ்வளவு பேர் என்று பார்த்துத் திருப்திப்படாதே. வராதவர்கள் அந்நேரம் எங்கே இருக்கிறார்கள் என்று விசாரி. நடந்து போய்க் கேள். கேட்காமல் அந்த வரியில் கையெழுத்துப் போடாதே.

வயதாகி நான் பம்ப் வேலையிலிருந்து நின்ற வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தனியாகக் குவாரிக் குழிக்குப் போனேன். உங்கள் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. இனி யாரும் இறங்கக் கூடாது என்று அந்தச் சரிவை அடைத்துவிடத்தான் போனேன். வேலிகாத்தான் முள்ளை வெட்டிக் குவித்தேன். பாதையின் வாயில் இழுத்துப் போட்டுவிட்டு நின்று பார்த்தேன். மறுபடி ஒரு கோடை வரும். மறுபடி டேங்க் பாதியில் நிற்கும். அப்போது யார் கூட்டத்தில் இருப்பார்கள், யார் கேட்பார்கள்? கேட்காமல் விட்டால், முள்ளை ஒதுக்கிவிட்டு மறுபடி இங்கேதான் இறங்குவார்கள்.

முள்ளை ஓரமாகத் தள்ளினேன். பாறையில் இருந்த பாசியை அரிவாளால் சுரண்டி எடுத்தேன். ஊருக்குப் போய், மோட்டார் இறக்குகிற நைலான் கயிறு ஒன்று புதிதாக வாங்கி வந்து, மேலே இருந்த கல் தூணில் இறுக்கிக் கட்டித் தண்ணீர் வரைக்கும் விட்டேன். என் முழு எடையையும் போட்டு இழுத்துப் பார்த்தேன். தாங்கியது.