பத்து வரை எண்ணும் பெலிண்டா

ஏழு, எட்டு, ஒன்பது. பெலிண்டாவின் உதடுகள் அசையவில்லை. வலது காலின் கட்டைவிரல் மட்டும் சிமென்ட் தரையில் தட்டித் தட்டி எண்ணிக்கொண்டிருக்கிறது. கதையைப் பாதியில் நிறுத்தி, தாளை மடியில் கவிழ்த்துவிட்டு, எதிரே தரையில் உட்கார்ந்திருக்கும் முப்பத்தொரு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பத்து எண்ணி முடிப்பதற்குள் “அப்புறம்?” என்று கேட்டுவிட்டால் அந்தக் கதை புத்தகமாகும். கேட்காவிட்டால் தாள் பைக்குள் போகும். திங்கட்கிழமை அது எழுதியவர் வீட்டுக்குத் தபாலில் போகும். யாரோ ஒருவருடைய ஆசை இந்தப் பத்து எண்ணிக்கையில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பது மூக்கை நோண்டிக்கொண்டிருக்கும் முன்வரிசைக்குத் தெரியாது.

தில்லைநகரில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இயங்கும் சிறுவர் பதிப்பகத்துக்குப் பெலிண்டாதான் எடிட்டர். வயது ஐம்பத்திரண்டு. வீடு மேலப்புதூரில். வெள்ளிக்கிழமை தோறும் பஸ் பிடித்து ஸ்ரீரங்கத்துக்கு வந்து, ஒரு தொடக்கப்பள்ளியின் மூன்றாம் வகுப்பில் இரண்டு கதைகளைப் படிப்பார். ஐந்து வருஷத்து வழக்கம் இது. பதினெட்டுப் புத்தகங்கள் இந்த வகுப்பறை வழியாகத்தான் அச்சுக்குப் போயிருக்கின்றன. வகுப்பு ஆசிரியை கோதா மூலையில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து நோட்டுத் திருத்திக்கொண்டிருப்பார்.

கதை படிக்கிறவர் என்றதும் கண்ணை உருட்டிக் கையை ஆட்டுகிற ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். பெலிண்டா படிப்பது ரயில் தாமதத்தை ஒலிபெருக்கியில் அறிவிப்பது போல இருக்கும். பேய் வந்தாலும் ஒரே சுருதி, பிறந்தநாள் வந்தாலும் ஒரே சுருதி. தாளை விட்டுத் தலை நிமிராது. கேட்டால் காரணம் வைத்திருக்கிறார். “நான் நடிச்சுப் படிச்சா ஜெயிக்கிறது நான்தாங்க, கதையில்ல. நாளைக்கு அந்தப் புக்கு தனியா ஒரு வீட்டுக்குப் போகும். கூடவே நானும் போக முடியுமா?”

வரும் கதைகளின் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் எடுப்பார். பெரியவர்கள் யாராவது வந்து எல்லாவற்றையும் தீர்த்து வைத்திருந்தால் அங்கேயே மூடிவிடுவார். “அப்ப அந்தப் புள்ளைக்கு அந்தக் கதையில என்ன வேல? வேடிக்கை பாக்கவா வந்துச்சு?” கடைசி வரி நீதியாக இருந்தால் கத்தரிக்கோல் வரும். அந்த வரியை மட்டும் நறுக்கி ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போட்டுவிட்டு, மிச்சத்தைப் படிப்பார். டின் நிரம்பி வழிகிறது. ஒரு ஜில்லாவையே திருத்தும் அளவுக்கு அதில் நீதி கிடக்கிறது.

முசிறியிலிருந்து ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் மாதம் தவறாமல் ஒரு சிங்கத்தை அனுப்புவார். கவரைப் பார்த்ததுமே படம் போடும் ஜகன்னாத், “மேடம், சிங்கம் வந்தாச்சு” என்று குரல் கொடுப்பார். போன மாதச் சிங்கம் பிளாஸ்டிக் ஒழிப்பைப் பற்றி இரண்டரைப் பக்கம் பேசியது. “என் பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள்” என்று கூடவே கடிதம் வைப்பவர்கள் தனி ரகம். “சிரிக்காம என்ன பண்ணுவா? சாயங்காலம் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போறது யாரு?” என்பார் பெலிண்டா. வெளிநாட்டில் எழுத்தாளருக்காகப் பேச ஏஜென்ட் உண்டாம். இங்கே மைத்துனர்கள் இருக்கிறார்கள். படி ஏறி வந்து, “எங்க மச்சான் எழுதினது, கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க” என்று குரலைத் தாழ்த்துவார்கள்.

இவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு தாள் அச்சடித்து வைத்திருக்கிறார். ‘கதை அனுப்புவோர் கவனத்துக்கு’ என்று தலைப்பு. திரும்பிப் போகும் கதை ஒவ்வொன்றோடும் அது போகும். அதில் பெலிண்டாவின் மனசு அப்படியே இருக்கிறது. கதை முதல் பத்து வரிக்குள் தொடங்கிவிட வேண்டும். குழந்தையே கதையை நகர்த்த வேண்டும். படத்தில் தெரியப்போவதை எழுத்தில் மறுபடி சொல்ல வேண்டாம். பக்கத்தைப் புரட்டச் சொல்லி ஏதாவது ஒன்று பிடித்துத் தள்ள வேண்டும். இத்தனைக்கும் பிறகு ஒரே ஒரு சோதனை பாக்கியிருக்கும். அது வெள்ளிக்கிழமை. “எனக்குப் பிடிச்சிருக்குங்கிறதுக்கு மதிப்பே இல்லீங்க. நான் என்ன எட்டு வயசுப் புள்ளையா? அவங்க ‘அப்புறம்’னு கேக்கணும். அதான் எனக்குக் கோர்ட்டு.”

அந்தக் கோர்ட்டின் தீர்ப்பை மீற வேண்டும் என்று அவருக்கு ஒரே ஒரு தடவைதான் தோன்றியிருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மணப்பாறையிலிருந்து கோடு போட்ட நோட்டுத்தாளில் ஒரு கதை வந்தது. எழுதியவர் அமலராணி, அங்கன்வாடியில் சமைப்பவர். சந்தையில் விற்பதற்காக அப்பா கட்டிவைத்த ஆட்டுக்குட்டியை ஒரு சிறுமி தாவணித் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறாள். குழந்தை என்று சொல்லி அரை டிக்கெட் கேட்கிறாள். வீட்டுக்குப் போகும் வழியில் அதைப் படித்த பெலிண்டா மேலப்புதூரில் இறங்க மறந்து ஜங்ஷன் வரை போய்விட்டார். தாளை மடித்து வைத்துவிட்டுத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு திரும்பி நடந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை வகுப்பில் படித்தார். கண்டக்டர் குனிந்து துணியை விலக்கப் போகும் இடத்தில் நிறுத்தி, பத்து எண்ணினார். ஒரு பிள்ளைகூட வாய் திறக்கவில்லை. பதினைந்து வரை எண்ணினார். சட்டப்படி அது தப்பு; ஆனாலும் எண்ணினார். எல்லாம் மிரட்சியாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. மனசைக் கல்லாக்கிக்கொண்டு அடுத்த கதையை எடுத்தார். ‘எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பிள்ளைகள்தான் கேட்கவில்லை’ என்று எழுதித் திருப்பி அனுப்பினார். ஒரு வாரத்தில் கார்டு வந்தது. ‘சரிங்க மேடம். புள்ளைங்களே வேணாம்னு சொல்லிட்டா அதுக்கு மேல என்ன இருக்கு. நான் இனிமே எழுதலைங்க.’ எழுதவும் இல்லை. அந்தக் கார்டைப் பெலிண்டா யாரிடமும் காட்டியதில்லை.

போன வெள்ளிக்கிழமை வரை இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்கு நடந்தது இதுதான். லால்குடிக்காரர் ஒருவர், ஒருமுறை திரும்பிப் போன கதையைத் திருத்தி மறுபடி அனுப்பியிருந்தார். அனுப்பும்போது பெலிண்டாவின் அந்தக் ‘கவனத்துக்கு’த் தாளையும் பயபக்தியோடு நடுவில் செருகிவிட்டிருந்தார். ஜகன்னாத் கட்டோடு கொண்டுபோய் ஜெராக்ஸ் எடுத்துவிட்டார். வகுப்பில் பெலிண்டா வழக்கம் போலத் தலை நிமிராமல் படித்துக்கொண்டு போனார். இரண்டாம் பக்கம் முடிந்து மூன்றாவது தாள் வந்தது. அவரே எழுதிய வரிகள். வாய் தானாக ஓடியது. “கதை நான்கு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதவும். பிரதி ஒன்றை வைத்துக்கொண்டு அனுப்பவும். போதிய தபால்தலை ஒட்டிய…”

அங்கேதான் உறைத்தது. அசடு வழிய நிறுத்தினார். மூலையில் கோதா டீச்சர், திருத்தும் நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், மேஜையை ஒரு விரலால் டொக்கென்று தட்டினார்.

“அப்புறம்?” என்றன முப்பத்தொரு குரலும் ஒரே நேரத்தில்.

பெலிண்டாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாளைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். தன் காதுதான் ஏமாற்றுகிறதோ என்று, “தபால்தலை ஒட்டிய கவர் வைத்து அனுப்பவும்” என்று முடித்து, மறுபடி நிறுத்தினார். டொக். “அப்புறம்?” ஒரு குரல்கூடப் பிசகவில்லை. வாய்ப்பாடு ஒப்பிப்பது போல அத்தனை சுத்தம்.

“கோதா டீச்சர்,” என்றார் பெலிண்டா. “இவங்களுக்கு யார் இதச் சொல்லிக் கொடுத்தா?”

கோதா பேனாவை வைத்தார். “நான்தான் மேடம். முதல் வாரம் நீங்க வந்தப்போ கொழந்தைகள் ஒண்ணும் பேசாம உக்காந்துண்டிருந்தா. உங்க முகமே வாடிப் போயிடுத்து. கேட்டாத்தான் புக் போடுவேன்னு வேற சொன்னேள். யாரோ பாவம், ஆசையா எழுதியிருப்பா. நம்ம கொழந்தைகளால அது கெட்டுப் போகப்படாதேன்னு… நான் தட்டினா கேக்கணும்னு வருஷா வருஷம் சொல்லி வெச்சேன். தப்பா மேடம்?”

பதினெட்டுப் புத்தகம்! அத்தனையும் இந்த ஒற்றை விரல் போட்ட தீர்ப்பா? பெலிண்டா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் எடிட்டர் மூளை அப்போதும் சும்மா இருக்கவில்லை. எல்லாக் கதைக்கும் கேட்கவில்லையே! திரும்பிப் போன கதைகளும் நிறைய உண்டே!

“அப்ப சில கதைக்கு அவங்க கேக்கலையே, ஏன்? அதுக்கு நீங்க தட்டலையா?”

கோதா தலையைக் குனிந்துகொண்டார். “அதுக்கெல்லாம் மறந்துடும் மேடம். நானும் நோட்டை மூடி வெச்சுட்டுக் கேட்டுண்டே இருந்துடுவேன். தட்டணும்னு ஞாபகம் வரதுக்குள்ள நீங்க அடுத்த கதைய ஆரம்பிச்சுடுவேள்.”

இரண்டாவது வரிசையிலிருந்து ரெட்டைப் பின்னல் ஒன்று எழுந்தது. திட்டு விழப்போகிறது என்று நினைத்து டீச்சரைக் காப்பாற்றப் பார்த்தது போலிருக்கிறது. “நல்ல கதைன்னா சொல்லணும்னு ஞாபகமே வராது புக் மிஸ். போரடிக்கிற கதைக்குத்தான் கரெக்டா சொல்லுவோம்.”

ஐந்து வருஷமாகப் பெலிண்டா, பிள்ளைகள் மெய்ம்மறந்து கேட்ட கதைகளை எல்லாம் பொறுக்கிப் பொறுக்கித் திருப்பி அனுப்பியிருக்கிறார். அவர்களுக்குச் சலித்துப் போனவற்றை எல்லாம் வழவழப்பான தாளில், நாலு வண்ணத்தில் அச்சடித்திருக்கிறார். ஆட்டுக்குட்டிக் கதை படித்த அன்று மிரட்சி என்று நினைத்தாரே, அது மிரட்சி இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டு, மிச்சம் வரும் என்று காத்திருந்த முகங்கள் அவை. அவர் கட்டைவிரலால் எண்ணிக்கொண்டிருந்தது அந்தக் காத்திருப்பைத்தான். அதை நினைக்க நினைக்க உடம்பு கூசியது. ஒருத்தியை எழுதுவதையே விட வைத்தாயிற்று. அதுவும் பிள்ளைகள் பேரைச் சொல்லி.

செருப்பு போட்டுக்கொள்ளக்கூட மறந்து வராந்தாவில் நடந்தார். ஆட்டுக்குட்டிக் கதையைக் கேட்ட வகுப்பு இப்போது ஐந்தாம் வகுப்பு, கடைசி அறை. அங்கே கணக்கு நடந்துகொண்டிருந்தது. வாசலில் நின்று அனுமதி கேட்க வேண்டும் என்று கூடத் தோன்றவில்லை.

“நீங்க மூணாவது படிக்கும்போது நான் ஒரு கதை படிச்சேன். பஸ்ஸுல ஒரு பொண்ணு…”

முடிக்க விடவில்லை. ஜன்னலோரம் இருந்த ஸ்ம்ருதி என்கிற பெண் விருட்டென்று எழுந்துவிட்டாள். “ஆட்டுக்குட்டி! கண்டக்டர் துணிய எடுத்துப் பாத்துட்டாரா மிஸ்?”

“அவரு பாக்கவே இல்ல, அது தும்மிடுச்சு” என்றது பின்னால் ஒரு குரல். “இல்ல, டிரைவர்தான் கண்டுபிடிச்சாரு.” “போடி, அது ஜன்னல் வழியா குதிச்சிரிச்சு, நம்ம முடிவு பண்ணோம்ல.” ஆளுக்கொன்றாக எழுந்துவிட்டார்கள். கணக்கு டீச்சர் சாக்பீஸும் கையுமாக நின்றார். இரண்டு வருஷமாக அந்தக் குட்டியை அந்தப் பஸ்ஸிலேயே வைத்துக்கொண்டு சண்டை போட்டிருக்கிறார்கள். பெலிண்டா சுவரில் சாய்ந்துகொண்டார். சந்தோஷமா, வெட்கமா என்று அவருக்கே பிடிபடவில்லை.

“சொல்லுங்க மிஸ், என்ன ஆச்சு?” ஸ்ம்ருதி அவர் முன்னால் வந்து நின்றுவிட்டாள்.

முடிவு பெலிண்டாவுக்குத் தெரியும். ஜங்ஷன் வரை போய்ப் படித்த முடிவு அது, வரிக்கு வரி நினைவிருக்கிறது. சொல்ல வாயெடுத்தார். பிறகு, “எழுதினவங்களையே கேக்கலாம்” என்று கைப்பையைத் திறந்தார். அமலராணியின் மணப்பாறை எண்ணை அவர் போனிலிருந்து அழித்ததும் இல்லை, அதைக் கூப்பிட்டதும் இல்லை. இரண்டு தடவை தப்பாக அழுத்தி, மூன்றாவது தடவைதான் மணி போனது. எதிர்முனையில் பாத்திரம் உருளும் ஒலி. பின்னால் யாரோ ஒரு குழந்தையின் அழுகை.

“ஹலோ, அங்கன்வாடிங்க. யாருங்க பேசறது?”

பெலிண்டா தன் பெயரைச் சொல்லவில்லை. போனை ஸ்ம்ருதியின் காதில் வைத்தார்.