பம்பு அண்ணனின் கையும் என்டர் பொத்தானும்

குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவு என்று ஒரு மேஜை உண்டு. ஊர் திட்டுவதைக் கேட்டு, தேதி போட்டு, கோப்பில் கட்டிவைத்தால் அந்த மேஜையின் கடமை முடிந்தது. தண்ணீரும் வரவேண்டும் என்று விதி எதுவும் இல்லை. பெரிய அதிகாரிகளுக்குச் சேரவேண்டிய வசவுகளைப் பதினெட்டு வருஷமாக அங்கே உட்கார்ந்து நாணயமாக வாங்கிக்கொண்டவள் டக்டக் அக்கா.

பெயருக்குக் காரணம் அவளுடைய கீபோர்டு. அலுவலகம் நவீனமாகிவிட்டதாகச் சுற்றறிக்கை வந்த அன்று, எல்லோருக்கும் அட்டை மாதிரி தட்டைக் கீபோர்டு கொடுத்துவிட்டு, தட்டினால் டக்டக்கென்று சத்தம் போடும் செங்கல் கனமுள்ள பழையவற்றைப் படிக்கட்டுக்கு அடியில் குவித்தார்கள். அதில் ஒன்றை அவள் மேஜைக்குக் கொண்டுவந்தாள். மீதியை, "எடுத்துட்டுப் போனா குப்பைக்காரருக்கு வேலை மிச்சம்" என்று மேலாளரே சொன்னதால், தவணை முறையில் வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

அந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் சாப்பாட்டுக்கு மட்டும்தான் இடமில்லை. கீபோர்டுகளும் ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சூட்டுக்கோலும் ஸ்பிரிட் புட்டியும் பரவிக் கிடக்கும். பழைய கீபோர்டில் ஒவ்வொரு பொத்தானுக்கும் அடியில் தனித்தனி சுவிட்ச் இருக்கும். அதற்குள் ஒரு ஸ்பிரிங், இரண்டு மெல்லிய தகடுகள். தகடு தேய்ந்தால் ஒரு தடவை தட்டினாலே இரண்டு எழுத்து விழும். முடிந்தவரை துடைத்துப் பார்ப்பாள். தேறவில்லை என்றால், யாரும் தொடாத ஏதாவது பொத்தானின் சுவிட்சைக் கழற்றி இதில் பொருத்துவாள்.

"இது வீடா, பழைய இரும்புக் கடையா?" என்பார் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் கணவர்.

"கடைன்னா நாலு பேர் வருவாங்களே. இங்க உங்க தங்கச்சிகூட எட்டிப் பாக்கறதில்ல" என்பாள், தலை நிமிராமல்.

அந்த வருஷம் ஊருக்குத் தண்ணீர் வருவதும் நிற்பதுமாக இருந்தது. காலையில் பம்பு ஓடும் என்று எல்லோரும் வாளியோடு நிற்பார்கள். குழாய் ஒரு தடவை செருமிவிட்டு அடங்கிவிடும். தலைமை அலுவலகத்திலிருந்து நிபுணர் குழு வந்தது. மோட்டாரைப் பிரித்துச் சுருள் மாற்றினார்கள். குழாயைத் தோண்டினார்கள், தோண்டிய குழியை மூடவேண்டும் என்பது மட்டும் மறந்துபோனது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, கடைசியில் பம்பை இயக்குகிறவர்மேல் பழி விழுந்தது.

அவரை எல்லோரும் பம்பு அண்ணன் என்பார்கள். இருபத்தாறு வருஷமாக அதே அறையில் அதே கணினிக்கு முன்னால் உட்கார்ந்தவர். என்டரைத் தட்டினால் பம்பு ஓடும், இன்னொரு தட்டில் நிற்கும். அவருக்குக் கைநடுக்கம், தட்டியதையே திரும்பத் தட்டுகிறார் என்று குழு கண்டுபிடித்தது. வேலையிலிருந்து நிறுத்திவைத்து, மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

அந்த உத்தரவுக் கடிதத்தோடு அவர் அக்காவின் மேஜைக்கு வந்து நின்றார்.

"இதையும் புகாரா எழுதிக்கம்மா. என் கைமேலயே புகார்."

"கையை நீட்டுங்கண்ணே."

நீட்டினார். விரல்கள் லேசாக ஆடின.

"இது எப்போலேருந்து?"

"கடிதம் வந்ததுலேருந்து" என்றார். "எனக்கே சந்தேகம் வந்துடுச்சும்மா. வீட்ல டம்ளரைக்கூட ரெண்டு கையால பிடிக்கிறேன்."

அவர் போனதும் அவள் பம்பு அறைக் கணினி தானாக அச்சடிக்கும் பதிவுகளைப் புரட்டினாள். அவையும் அவளிடம்தான் வந்து சேரும், ஏனென்றால் வேறு யாரும் படிக்கமாட்டார்கள். பம்பு ஓடியதும் நின்றதும் ஒரே நிமிஷம், ஒரே நொடி. ஒரு நாள் இல்லை, நாற்பது நாள். அவர் விடுப்பில் இருந்து, வேறொருவர் தட்டிய நாளிலும் அப்படியே இருந்தது. நடுங்குகிற கை வீட்டில் படுத்துக்கொண்டே எப்படி என்டர் தட்டும்?

பதிவுகளோடு மேலாளரிடம் போனாள்.

"கீபோர்டுல ஒரு சுவிட்ச் தேஞ்சுபோச்சு சார். அவ்வளவுதான்."

மேலாளர் சிரித்தார். "அஞ்சு இன்ஜினியர் பாத்தாச்சும்மா."

"மோட்டாரைப் பாத்தாங்க. கீபோர்டை யாரு பாத்தா?"

"அப்போ புதுசு வாங்கிப் போடலாமே?"

"அந்த மெஷினுக்குப் புதுசோட பிளக் சேராது சார். போன மாசம் நீங்கதான் ஒண்ணு வாங்கினீங்க. இப்போ உங்க மேஜைல காகிதம் பறக்காம இருக்கு."

மேலாளர் அந்தக் கீபோர்டைப் பார்த்தார், பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது, "நான் எதையும் பாக்கலை" என்றார். அந்த அலுவலகத்தில் அதுதான் அனுமதி.

பம்பு அறையில் நாலு திருகைக் கழற்றினாள். என்டருக்கு அடியில் தகடு கறுத்து, மழுங்கிப் போயிருந்தது. துடைத்தாள், தேறவில்லை. மேல் மூலையில் 'பாஸ்' (Pause) என்றொரு பொத்தான். பல உயரதிகாரிகளைப் போலவே நல்ல இடத்தில் உட்கார்ந்து இருபத்தாறு வருஷமாக ஒரு வேலையும் செய்யாமல் புத்தம் புதிதாக இருந்தது. ஈயத்தை உருக்கி இரண்டு சுவிட்சையும் இடம் மாற்றினாள். அரைமணி நேரம்கூட ஆகவில்லை. பம்பின் இணைப்பை எடுத்துவிட்டு நூறு தடவை என்டர் தட்டினாள். பதிவில் நூறு வரிகள் விழுந்தன. நூற்றியொன்று இல்லை.

மறுநாள் தண்ணீர் வந்தது, அதற்கு அடுத்த நாளும் வந்தது. இரண்டு வாரத்தில் அறிக்கையும் வந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததற்குக் காக்கைக்குப் பட்டம் கொடுத்த மாதிரி, மோட்டார் சுருளை மாற்றிய நிபுணர் குழுவுக்குப் பாராட்டு. அக்காவுக்கு, அலுவலக உடைமையை அனுமதியின்றித் திறந்ததற்கு விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை. பதில் எழுதினாள்: "திறந்தது உண்மை. மூடியதும் உண்மை. குழியை மூடாதவர்களிடமும் விளக்கம் கேட்கலாம்." கூடவே நாற்பது நாள் பதிவையும் பிரதி எடுத்து இணைத்தாள். அதன் பிறகு குறிப்பாணையைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. பம்பு அண்ணன்மேல் போட்ட உத்தரவை மட்டும் சத்தமில்லாமல் ரத்து செய்தார்கள்.

வேலைக்குத் திரும்பும் முன் அவர் அக்கா வீட்டுக்கு வந்தார். கணவர் கீபோர்டுகளை ஒதுக்கி, டீக்கு இடம் தேடிக்கொண்டிருந்தார். அண்ணன் உட்கார்ந்து, பக்கத்தில் கணினியோடு மாட்டியிருந்த ஒரு கீபோர்டைத் தயங்கித் தயங்கித் தட்டினார். திரையில் ஓர் எழுத்து. இன்னொரு தட்டு, இன்னோர் எழுத்து. கொஞ்ச நேரத்தில் வேகம் பிடித்தது.

"பாருங்க தம்பி, சரியாத்தான் விழுது" என்றார் கணவரிடம்.

கணவர் டீயை நீட்டினார். அண்ணன் அதை ஒரே கையால் வாங்கிக்கொண்டார்.