ஃபைனலும் பச்சைமுத்துவின் குழாயும்

பெங்களூர் ஒக்கலிபுரம் கேரம் கிளப்பில் பச்சைமுத்துவுக்கு ஒரே எதிரி டெஸ்மண்ட். வருஷா வருஷம் ஃபைனலில் அவனிடம் தோற்று வெறுங்கையோடு வீடு திரும்புவார். இந்த வருஷம் கோப்பையைத் தூக்கியே தீருவதென்று கங்கணம் கட்டியிருந்த நேரம் பார்த்துச் சிறுநீரகத்தில் கல் வந்தது. கல்லை எடுத்த டாக்டர், உள்ளே ஆறும்வரை இருக்கட்டும் என்று சிறுநீரகத்திலிருந்து மூத்திரப்பைவரை மெல்லிய குழாய் ஒன்றை வைத்து அனுப்பினார். ஸ்டென்ட் என்று பேர்.

அது படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. உட்கார்ந்தால் குத்தும், எழுந்தால் முட்டும். கிளப்பிலோ, ஃபைனல் முடியும்வரை ஆடுகிறவன் நாற்காலியை விட்டு எழுந்தால் தோல்வி. பார்க்கிறவன் எழுந்தால் கிளப்பை விட்டே நீக்கம். மனுஷர் மூளையைக் கசக்கி ஒரு வழி கண்டுபிடித்தார்: தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவது. அதன் பலனாக எரிச்சலும் வந்து சேர, பாத்ரூமிலிருந்து கேட்ட அலறலில் பெண்டாட்டி சின்னத்தாயி ஓடிவந்து கதவைத் தட்டினாள்.

"டாக்டர் இன்னாய்யா சொன்னாரு? நல்லா தண்ணி குடி, மாத்திரை போடு, அடக்காதேன்னாரா இல்லியா? கேரமுக்காவ சாவப் போறியா? பிடி சொம்ப!"

சொம்பு சொம்பாகக் குடிக்க வைத்தாள். மாத்திரையும் வேளை தவறாமல் உள்ளே போக, எரிச்சல் அடங்கிக் குத்தலும் குறைந்தது. பச்சைமுத்துவுக்குப் பெண்டாட்டிமேல் புது மரியாதையே வந்துவிட்டது.

ஆனால் ஃபைனலன்று, ஆளுக்கொரு ஆட்டம் ஜெயித்துக் கடைசி ஆட்டம் தொடங்கும்போது, குடித்த சொம்பெல்லாம் கணக்குக் கேட்டன. பச்சைமுத்து வெட்கத்தை விட்டுக் கையைத் தூக்கினார்.

"ஒரு பிரேக் உடுங்கப்பா. உள்ள குழாய் இருக்குது, தாங்கல."

செயலாளர் சுந்தரம் சபையைப் பார்த்தார். "எல்லாருக்கும் ஓகேவா?"

அத்தனை கையும் உயர்ந்தது, டெஸ்மண்டின் கை முதலில். அங்கே ஐம்பதைத் தாண்டாதவர் யாரும் இல்லை. எல்லோரும் வருஷக்கணக்காகப் பல்லைக் கடித்து அடக்கியவர்கள். பச்சைமுத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுவதற்குள், கிளப்பில் இருந்த ஒரே பாத்ரூமின் முன்னால் பெரிய வரிசை நின்றது. அவர் குதித்த குதியைப் பார்த்து இரக்கப்பட்டு எல்லோரும் வழிவிட்டார்கள். ஆனால் உள்ளே டெஸ்மண்ட் நிதானமாக விசிலடித்துக்கொண்டிருந்தான்.

"டேய் டெஸ்மண்டு, வெளிய வாடா! கப்ப நீயே எடுத்துக்கோ!"

விசில் நின்றது. "நெஜமாவா?"

"எங்கம்மா மேல சத்தியம்டா!"

தாழ்ப்பாள் திறந்தது. பச்சைமுத்து உள்ளே பாய்ந்தார். அந்த நிமிஷம் அவரைவிடச் சந்தோஷமான மனுஷன் பெங்களூரில் யாரும் இல்லை.