அண்ணன் இரண்டு முறை அழுத்தினார்

என் அண்ணன் ஏழுமலை இரண்டு கால்களும் உணர்வற்றுப் போய் ஒன்றரை மாதம் கட்டிலில் கிடந்தார். அதற்குக் காரணம் நான். கை தவறி நடந்தது இல்லை, தெரிந்தே செய்தேன். நமது சனிக்கிழமை பஜனைக்கு வரும் அன்பர்களில் பலர் என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதனால்தான் இதை முதல் வரியிலேயே எழுதுகிறேன். ஆஞ்சநேயர் எங்கள் வீட்டில் செய்ததைச் சொல்ல வேண்டுமானால், நான் செய்ததை மறைத்துவிட்டுச் சொல்ல முடியாது.

எங்கள் அப்பா முனிரத்தினம் பயில்வான். ஆலங்காயத்தில் மட்டுமில்லை, வேலூர், சேலம், பெங்களூர் வரை அந்தப் பெயருக்குக் கூட்டம் கூடிய காலம் ஒன்று இருந்தது. டிக்கெட் போட்டு நடத்தும் குஸ்தியில் அவர் வடக்கத்திப் பயில்வான்களைத் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றியதை இன்றைக்கும் சொல்வார்கள். நாங்கள் அவரை நைனா என்று கூப்பிடுவோம். வீட்டுக்குப் பின்னால் அவருடைய கோதா இருந்தது. குஸ்தி போடுவதற்காகச் செம்மண்ணைச் சலித்து, நல்லெண்ணெயும் மஞ்சளும் மோரும் விட்டுப் பதப்படுத்திய களம் அது. அதன் ஓரத்தில் ஆஞ்சநேயர் படம் இருக்கும். அவரைக் கும்பிடாமல் யாரும் உள்ளே கால் வைக்க மாட்டோம்.

நைனாவுக்கு வயதானதும் நானும் அண்ணனும் இறங்கினோம். இறங்கின பிறகுதான் தெரிந்தது, அந்தப் பெயரைத் தூக்கிச் சுமப்பது எதிராளியைத் தூக்குவதைவிடக் கஷ்டம் என்று. "அப்பன் யானை, புள்ளைங்க ரெண்டும் பூனை" என்று முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டே சொல்வார்கள். அதுவும் காதில் விழுகிற மாதிரி சொல்வார்கள். வெளியூர்ப் பயில்வான்களைக் கூப்பிட வசதி இல்லாமல் போனபோது நைனா ஒரு வழி கண்டுபிடித்தார். அண்ணன் தன் சொந்த முகத்தோடு, முனிரத்தினத்தின் மகனாக இறங்குவார். நான் கறுப்புத் துணி முகமூடி போட்டுக்கொண்டு ஊர் பேர் தெரியாத முரடனாக இறங்குவேன். கடைசியில் அண்ணன் என்னைத் தூக்கி அடிப்பார், நான் எழுந்திருக்க மாட்டேன். நான்கு வருடம் இதுதான் என் தொழில்.

நோட்டீஸில் 'பயில்வானின் புதல்வன்' என்று ஒருமையில்தான் போடுவார்கள். சந்தையில் அண்ணனை நிறுத்திக் கை குலுக்குவார்கள், நான் பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். எனக்கு வயிறு எரியும். பூசி மெழுகி என்ன ஆகப்போகிறது, பொறாமைதான்.

எமர்ஜென்சி முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் சந்தைத் திடலில் எங்கள் குஸ்தி. பக்கத்தில் நடக்கிற குஸ்திக்கு நைனா எங்கள் கோதா மண்ணையே மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பரப்புவார். அன்றைக்கும் அப்படித்தான் செய்தார். மலையிலிருந்து ஜனம் இறங்கி வந்திருந்தது, நல்ல கூட்டம்.

பேசி வைத்தபடி நான் அண்ணனைக் குப்புறத் தள்ளி, அவர் இடுப்பின் மேல் உட்கார்ந்து, தாடைக்குக் கீழே இரண்டு கையையும் கோத்துப் பின்பக்கமாக வளைக்க வேண்டும். ஜனம் பதறும். பிறகு அவர் திமிறிக்கொண்டு எழுவார். இந்த மாதிரிப் பிடிகளுக்கெல்லாம் எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. கீழே இருக்கிறவன் மேலே இருப்பவன் மணிக்கட்டை இரண்டு முறை அழுத்தினால், உடனே விட்டுவிட வேண்டும். ஆட்டம் கெட்டாலும் சரி, விட்டுவிட வேண்டும். சின்ன வயதில் நைனா எங்களுக்குச் சொன்ன முதல் விஷயமே அதுதான்.

நான் வளைத்தேன். அப்போது கூட்டத்திலிருந்து ஒரு விசில் வந்தது, அப்புறம் பத்து விசில். "வுடாதடா முகமூடி!" என்று யாரோ கத்தினார்கள். நான்கு வருடத்தில் எனக்கு வந்த முதல் விசில் அது.

அண்ணன் என் மணிக்கட்டை இரண்டு முறை அழுத்தினார்.

எனக்குத் தெரிந்தது, நன்றாகவே தெரிந்தது. நான் விடவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இழுத்தேன். அவர் மறுபடியும் அழுத்தினார். அதற்கப்புறம் அவர் இடுப்புக்கு மேலே என்னமோ நகர்ந்தது என் தொடைக்குக் கீழே தெரிந்தது. கையை எடுத்தேன். அவர் முகம் மண்ணில் விழுந்தது. காலை அசைக்கவே இல்லை.

நைனாதான் அன்றைக்கு நடுவர். "எழுந்துர்றா ஏழுமல" என்று இரண்டு தடவை சொன்னார். நாலு பேர் அண்ணனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் முகமூடியைக் கழற்றாமல் அங்கேயே நின்றேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. நல்லதாகப் போயிற்று என்று அப்போது நினைத்தேன். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எலும்பு நொறுங்கவில்லை, நரம்பு நசுங்கியிருக்கிறது, வீக்கம் வற்ற வேண்டும், கால் வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். எப்படி ஆனது என்று கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு டாக்டரிடம், "நான்தான் சார் ஏடாகூடமா திரும்பிட்டேன்" என்றார்.

மூன்று வாரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கோதாவைப் பார்த்த அறையில் கட்டிலைப் போட்டோம். அண்ணி சரோஜா அப்போது நாலு மாதக் கர்ப்பம். அவரால் அண்ணனைத் தூக்க முடியாது. அதனால் மலஜலம் எடுப்பது, துடைப்பது, புரட்டிப் போடுவது எல்லாம் நான்தான். பார்க்க வருகிறவர்கள், "தம்பின்னா இவன்தாம்பா தம்பி" என்று என் முதுகில் தட்டுவார்கள். அண்ணன் கூரை ஓட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்.

காவலூருக்கு ஏறுகிற மலைப்பாதையில் ஒரு பாறையில் செதுக்கிய ஆஞ்சநேயர் இருக்கிறார். தினமும் காலையில் ஏறிப் போவேன். வெற்றிலை மாலை சாத்தினேன், வடைமாலை சாத்தினேன், நூற்றெட்டு சுற்றினேன். "நாங்க யாருக்கு இன்னா கெடுதல் பண்ணோம் சாமி, எங்க அண்ணனுக்கு ஏன் இந்தக் கதி?" என்று அழுவேன். கண்ணீர் நிஜம், கேள்வி பொய். சாமியிடமே நாடகம் ஆடினேன். ஆடி ஆடிப் பழகின குடும்பம் இல்லையா? இறங்கி வரும்போது நெஞ்சு ஏறும்போது இருந்ததைவிடப் பாரமாக இருக்கும். செத்துவிடலாம் என்றுகூட ஒரு நாள் தோன்றியது.

ஒரு நாள் தபால்காரர் அண்ணன் பெயருக்கு ஒரு கடிதம் கொண்டுவந்தார். அண்ணி அதை வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதார். என்னவென்று கேட்டேன்.

"காவலூர்ல நட்சத்திரம் பாக்குற எடம் இருக்குதில்ல, அங்க டிரைவர் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாரு. வரச் சொல்லிக் கடுதாசி வந்திருக்குது. ஆடியோட குஸ்திய வுட்டுடறேன், இனிமே நோட்டீஸ்ல துளசி பேரப் போடுங்கன்னு மாமாகிட்டயும் சொல்லிட்டாரு. மாமாவும் செரின்ட்டாரு. உனக்குத் திடுக்குனு சொல்லணும்னு வெச்சிருந்தாங்க."

துளசி நான்தான். அந்த விசிலுக்காக நான் யார் இடுப்பை ஒடித்தேனோ, அவர் அந்தக் குஸ்தியோடு எல்லாவற்றையும் எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் போக இருந்தார்.

எங்கள் கோதாவில் ஒரு முறை உண்டு. விளையாட்டில் தவறி அடிபட்டால் மண்ணில் மஞ்சள் நீர் தெளித்துவிட்டு மேலே ஆடுவோம். ஒருவன் வேண்டுமென்றே இன்னொருவனை ஊனப்படுத்தினால் அந்த மண் தீட்டு. ஊனப்படுத்தினவனே அதை வெட்டியெடுத்து, தலையில் சுமந்து, மலையில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். புது மண்ணும் அவனே கொண்டுவர வேண்டும். வேறு யாரும் மண்வெட்டியைத் தொடக் கூடாது. அண்ணன் விழுந்ததைத் தவறுதல் என்று நம்பி, திடலிலிருந்து திரும்பி வந்த மண்ணில் நைனா மஞ்சள் நீர்தான் தெளித்திருந்தார்.

நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கோதாவில் இறங்கினேன். வாயால் சொல்லத் தைரியம் இல்லை. வெட்டினேன்.

சத்தம் கேட்டு முதலில் கத்தியது அண்ணன்தான். "டேய் துளசி! வெட்டாதடா! மேல வாடா!" அவருக்குப் புரிந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே உயிர் இல்லாத மனுஷன், என்னைக் காப்பாற்றுவதற்காகக் கட்டிலிலிருந்து கையை ஊன்றி எழப் பார்த்தார்.

நைனா தொழுவத்திலிருந்து வந்தார். "இன்னாடா பண்றே?"

"மண்ண மாத்தறேன் நைனா."

அவர் என் கையில் இருந்த மண்வெட்டியைப் பார்த்தார். கோதா மதிலைப் பிடித்துக்கொண்டார்.

"அழுத்துனானா?"

"அழுத்துனாரு நைனா. ரெண்டு தபா அழுத்துனாரு. மறுபடியும் அழுத்துனாரு."

"உனுக்குத் தெரிஞ்சிதா?"

"தெரிஞ்சிது."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கூடையை எடுத்து வந்து என் காலடியில் போட்டார். "தூக்கு" என்றார், அவ்வளவுதான்.

மூன்று நாள் சுமந்தேன். விடிந்ததும் ஏறுவேன், பொழுது சாயும் முன் கடைசிக் கூடையை இறக்குவேன். வழியில் பார்த்தவர்களுக்கெல்லாம் அந்தக் கூடை எதற்கென்று தெரியும். எங்கள் ஊரில் கோதா வழக்கம் தெரியாதவர்கள் இல்லை. முதுகில் தட்டினவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவர் காறித் துப்பினார். என் மேல் படவில்லை, பட்டிருந்தாலும் துடைத்திருக்க மாட்டேன்.

முதல் நாள் முதல் கூடையோடு பாறைக்கு முன்னால் நின்றேன். வெற்றிலையும் இல்லை, வடையும் இல்லை. "நான்தான் பண்ணேன் சாமி. தெரிஞ்சே பண்ணேன். எங்க அண்ணன் கால அவருக்குத் திருப்பிக் குடு. எனுக்கு ஒண்ணும் வேணாம். எல்லாரும் துப்பட்டும், பரவால்ல. கால மட்டும் குடு." இவ்வளவுதான் வேண்டினேன். ஒவ்வொரு கூடைக்கும் அதையே சொன்னேன். வேறு மந்திரம் எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் மத்தியானம். கோதாவுக்குப் புது மண்ணாகப் புற்று மண்ணைச் சுமந்துகொண்டு கொல்லைப்பக்கம் வந்தேன். உள்ளே அண்ணி வெந்நீரில் துணியை நனைத்து அண்ணனின் பாதத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். தினமும் செய்கிறதுதான்.

"சுடுதுடி" என்று அண்ணன் குரல் கேட்டது.

அண்ணி, "இன்னா?" என்றார்.

"சுடுதுன்றேன். காலு சுடுது."

பித்தளைச் சொம்பு உருண்ட சத்தம் கேட்டது. நான் கூடையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தலையெல்லாம் மண். உள்ளே போக எனக்கு யோக்கியதை இல்லை என்று வாசற்படிக்கு வெளியிலேயே உட்கார்ந்து அழுதேன். சத்தம் போட்டு அழுதேன். ஆஞ்சநேயா, ஆஞ்சநேயா என்பதைத் தவிர வாயில் ஒன்றும் வரவில்லை.

வீக்கம் வற்றியதால் உணர்வு வந்திருக்கிறது என்றார் டாக்டர். அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும், அவர் படித்தவர். ஒன்றரை மாதம் வற்றாத வீக்கம் ஏன் அந்த மூன்று நாளில் வற்றியது என்று நான் அவரைக் கேட்கவில்லை. எனக்கு அதற்குப் பதில் தெரியும்.

வலது கால் முதலில் வந்தது. இடது கால் முழுசாக வரவே இல்லை, இன்றைக்கும் தாங்கித் தாங்கித்தான் நடக்கிறார். டிரைவர் வேலை போனது போனதுதான். பஸ் நிறுத்தத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். தை மாதம் பிறந்த பெண் குழந்தையை ஒரு கையில் அணைத்து, மறு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நான்கு எட்டு நடந்து ஆஞ்சநேயர் படத்துக்கு முன்னால் கொண்டுவந்து காட்டினார். நான் கேட்டதை என் சாமி கொடுத்தார். குறைத்துக் கொடுத்தார் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த நொண்டலைப் பார்க்கும்போதெல்லாம் நான் யாரென்று எனக்கு நினைவிருக்கிறது.

அதன் பிறகு நான் கோதாவில் இறங்கவில்லை. நைனாவும் டிக்கெட் குஸ்தி நடத்தவில்லை. சாகிற வரைக்கும் என் கையால் கஞ்சி வாங்கிக் குடித்தார், ஆனால் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டும் என்று நான் சாமியிடம் வேண்டிக்கொள்ளவும் இல்லை.

போன வருடம், நைனாவின் காரியம் முடிந்த மறுநாள், அண்ணனிடம் கேட்டேன். இத்தனை வருடம் கேட்கப் பயந்த கேள்வி.

"ஏண்ணா, அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல? எதுக்கு எனுக்காகப் பொய் சொன்னே?"

சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார். "பொய்யின்னு நெனைக்கலடா, எம்மேலயும் தப்பு இருக்குது. நீ வுட்டுடுவே, வுட்டுடுவேன்னே கடைசி வரிக்கும் நெனச்சிக்கினு இருந்தேன். அதனாலதான் நான் திமிறவேயில்ல."

அன்பர்களே, அவர் திமிறியிருந்தால் தப்பித்திருப்பார். என்னை நம்பினதால்தான் விழுந்தார்.

உங்களில் யாருக்காவது சொல்ல முடியாத ஒன்று உள்ளே இருந்தால், மாலை வாங்கச் செலவழிக்காதீர்கள். பஜனை தொடங்குவதற்கு முன்னால் வாருங்கள். கூட்டம் இருக்காது. ஆஞ்சநேயர் முன்னால் நின்று, நடந்தது நடந்தபடி சொல்லிவிட்டு, அப்புறம் கேளுங்கள். கொடுப்பார். மனிதனை நம்பினால் என் அண்ணனுக்கு ஆனது ஆகும். அவரை நம்பி யாரும் இடுப்பொடிந்து கிடந்ததில்லை.