சுபோதினி அக்காவின் நினைவு மலரில் ஆறாம் பக்கம்

காலை பத்து மணி இருபது. பம்பலப்பிட்டியில் எங்கள் காப்புறுதி அலுவலகத்தில், வாடிக்கையாளர் ஒருவருக்குப் படிவத்தில் கையெழுத்து வைக்கும் இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் ஜவாஹிறா வந்தார். வெள்ளவத்தையில் சுபோதினி அக்காவின் வீட்டுக்கு நேர் கீழ் மாடியில் இருப்பவர்.

"சுபோதினி அக்கா மௌத்தாகிட்டாங்க" என்றார்.

வீடு கூட்ட வரும் பேச்சியம்மா எட்டு மணியிலிருந்து கதவைத் தட்டியிருக்கிறார். பதில் இல்லாமல் கீழே இறங்கி ஜவாஹிறாவிடம் சொல்ல, அவர் தன்னிடம் இருந்த மற்றத் திறப்பால் கதவைத் திறந்திருக்கிறார். அக்கா கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தார். மாரடைப்பு, உயிர் போய் ஐந்தாறு மணித்தியாலம் இருக்கும் என்று டாக்டர் சொன்னார். அந்த நேரத்தில் பக்கத்தில் யாரும் இருக்கவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒருவர் இதை வேறு விதமாகச் சொல்வார்.

சுபோதினி அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. தொண்ணூற்றைந்து இடப்பெயர்வுக்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். கல்யாணம் செய்யவில்லை. எங்கள் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் எனக்கு அடுத்த மேசையில் இருந்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் பிள்ளையார் கோவிலுக்குப் போவார். திருநீறு இல்லாத அவரது நெற்றியை நான் உடலை வைத்திருந்த மலர்ச்சாலையில்தான் முதன்முதலாகக் கண்டேன். அங்கேயும் பத்து நிமிடத்தில் யாரோ பூசிவிட்டார்கள்.

அவர் கிறிஸ்தவ நாவல்கள் வாசிப்பார். ஒன்று இரண்டல்ல, இருநூறுக்கு மேல். தமிழிலும் ஆங்கிலத்திலும்.

இது தொடங்கியது கொட்டாஞ்சேனையில். ஒரு நாள் மழைக்கு ஒதுங்கிய இடம் நோபேட்டின் கடை. மெழுகுதிரி, செபமாலை, மாதா சுரூபங்களுக்குப் பின்னால் ஒரு தட்டு நிறையப் பழைய நாவல்கள். மழை விடும்வரை ஒன்றை நின்றபடியே வாசித்தார். பனி கொட்டும் ஒரு நாட்டில் ஒரு விதவை. அவளுடைய புருஷன் ஒருவனுடைய கவனயீனத்தால் செத்துப்போகிறான். அந்த மனிதன் மூன்று நாள் நடந்து அவளிடம் வருகிறான்.

"வந்து வாசலில நிண்டு, நான் செய்தது பிழை எண்டு சொல்லுறான். வேற ஒண்டும் சொல்லேல்லை. எனக்கு ரெண்டு நாள் நித்திரை இல்லை. எங்கட ஆக்களில ஆரும் அப்பிடிச் சொல்லி நீ கேட்டிருக்கிறியோ?"

யோசித்துப் பார்த்தேன். நான் கேட்டதில்லை.

அந்தப் புத்தகங்களில் அவர் தேடியது அதைத்தான். மனிதர்கள் பிழை செய்கிறார்கள், வாய் திறந்து ஒப்புக்கொள்கிறார்கள், மற்றவர் மன்னிக்க முடியாமல் தவிக்கிறார். அந்தத் தவிப்பு எத்தனை பக்கம் நீள்கிறது என்பதை வைத்துத்தான் ஒரு நாவல் நல்லதா கெட்டதா என்று முடிவு செய்வார். குடிகாரப் புருஷன் ஒரு பாட்டைக் கேட்டுத் திருந்திவிடும் நாவல் ஒன்றை மதியச் சாப்பாட்டு நேரத்தில் மேசையில் எறிந்தார். "இவன் குடிச்சு அடிச்சது பதினெட்டு வருஷம். திருந்தினது அரைப் பக்கம். அந்த மனுசிக்குக் கோபமே வரேல்லையாம். ஆண்டவருக்கே இது பொறுக்காது" என்றார். அந்தப் புத்தகத்தை அவர் ஒருவருக்கும் கொடுக்கவில்லை.

மற்றவற்றைக் கொடுத்தார். கொடுக்கும் விதமும் அவருடையதுதான். ஆளைப் பார்த்து, அந்த ஆளின் வீட்டு நிலைமையைத் தெரிந்துகொண்டுதான் புத்தகத்தை எடுப்பார். என் அம்மா இறந்த வருடம் நான் அவர் வீட்டுத் தட்டிலிருந்து ஒரு நாவலை எடுத்தபோது கையிலிருந்து பறித்தார். "இதை இப்ப வாசிக்காதை. உனக்கு இன்னும் ஆறு மாசம் ஆகேல்லை. தையில தாறன்." தை பிறந்த முதல் கிழமை அது என் மேசையில் இருந்தது. மருமகளோடு கதைக்காமல் இருந்த ஜவாஹிறாவுக்கு ஒரு மாமியார் கதையைக் கொடுத்து, பிடிக்காவிட்டால் நாற்பதாம் பக்கத்தில் நிறுத்தலாம் என்றாராம். ஜவாஹிறா நிறுத்தவில்லை. நோன்புப் பெருநாளுக்கு மருமகளை வீட்டுக்கு அழைத்தார். அது புத்தகத்தாலா என்று எனக்குத் தெரியாது. ஜவாஹிறா ஆம் என்கிறார்.

நோபேட் ஒரு நாவலும் வாசித்ததில்லை. "நான் விக்கிறவன் அக்கா. வாசிக்கத்தான் நீங்க இருக்கீங்களே" என்பார். புதுப் புத்தகம் வந்தால் முதலில் அக்காவிடம் கொடுத்து, அவர் சொன்னதையே வாடிக்கையாளர்களுக்குத் திருப்பிச் சொல்லி விற்பார். கொட்டாஞ்சேனையின் எத்தனையோ கத்தோலிக்க வீடுகளுக்கு நாவல் தெரிவு செய்து கொடுத்தவர் வெள்ளவத்தையில் திருநீறு பூசிய ஒரு பெண் என்பது அந்த வீடுகளுக்குத் தெரியாது.

இரண்டு வருடத்துக்கு முன்பு லண்டனிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் அக்காவின் வீட்டில் தேநீர் குடித்துவிட்டு, அந்தப் புத்தகத் தட்டைப் படம் எடுத்துக்கொண்டு போனார். சுபோதினி சமயம் மாறிவிட்டாள் என்று குடும்பக் குழுவில் செய்தி வந்தது. அக்காவின் அண்ணன் கதிர்காமநாதன் அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படி ஏறவில்லை. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பாமன்கடையில், நடந்தால் கால் மணித்தியாலத் தூரத்தில் இருக்கிறார். அவருடைய பிறந்தநாளுக்கு அக்கா தொலைபேசி எடுத்தால் அண்ணி பேசுவார், அண்ணன் குளிக்கிறார் என்பார். தீபாவளிக்கும் குளித்தார். வருடப்பிறப்புக்கும் குளித்தார். அக்கா அதைச் சொல்லிச் சிரிப்பார். "எங்கட அண்ணை சரியான சுத்தம்."

அந்த அண்ணன்தான் கனத்தை மயானத்தில் கொள்ளி வைத்தார். அழுதார். அதை நான் மறுக்கவில்லை.

மூன்றாம் நாள் என்னை அழைத்தார். எங்கள் ஆட்களில் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வருகிறவர்களுக்கு ஒரு நினைவு மலர் கொடுப்பது வழக்கம். முன்னால் இறந்தவரின் படம், பிறகு தேவாரமும் சிவபுராணமும், நடுவில் வாழ்க்கைக் குறிப்பு. "நீர் தமிழ் படிச்சனீர். கூட வேலை செய்தனீர். வாழ்க்கைக் குறிப்பை நீரே எழுதும், பிள்ளை" என்றார்.

இரண்டு பக்கம் எழுதினேன். பிறந்த ஊர், படித்த பள்ளி, வேலை, கோவில் எல்லாம் வந்தன. நாவல்களைப் பற்றி ஒரே ஒரு வசனம்தான் எழுதினேன். இழவு வீட்டில் அதற்கு மேல் நீட்ட எனக்குத் துணிவு வரவில்லை. "அன்னார் கிறிஸ்தவ நாவல்களை விரும்பி வாசித்ததோடு, அவற்றைப் பிறருக்கும் பரிந்துரைத்து வந்தார்." கதிர்காமநாதன் அதை என் முன்னாலேயே வாசித்தார். வடிவாக இருக்கிறது என்றார். அந்த வசனத்தில் அவருடைய விரல் ஒரு கணம் நின்றதை நான் கவனித்தேன். கவனித்தும் கேட்கவில்லை.

கிரியைக்கு நான்கு நாள் இருக்கும்போது அச்சிட்ட பிரதி ஒன்று என் கைக்கு வந்தது. ஆறாம் பக்கம், பதினோராம் வரி. "அன்னார் சைவ நூல்களை விரும்பி வாசித்ததோடு, அவற்றைப் பிறருக்கும் பரிந்துரைத்து வந்தார்." கீழே என் பெயர்.

இரண்டே இரண்டு சொல். வசனத்தை வெட்டியிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. வெட்டுவது மறைப்பது. இவர்கள் அவருடைய ஆசையை எடுத்துவிட்டு, அதே இடத்தில் தங்களுக்குப் பிடித்த ஆசையை வைத்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்து அக்கா ஒருவருக்கும் சைவ நூல் பரிந்துரைத்ததில்லை. தேவாரம் பாடுவார், அது அவருடைய கும்பிடு. நாவல் வாசிப்பது வேறு. ஒரு பெண் கதைக்காகவே கதை வாசிக்கலாம் என்பது இந்த மனிதர்களின் தலைக்குள் ஏன் போகவில்லை?

மற்றப் பக்கத்து மனிதர்களுக்கும் போகவில்லை. அதே கிழமை நோபேட் என்னைக் கடைக்கு வரச்சொல்லி ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்தார். கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் செபக்கூட்டம் நடத்தும் ஷெல்டன் என்பவர் அச்சிட்டது. நோபேட் கடையில் அக்காவை இரண்டு மூன்று தரம் கண்டவர், அவ்வளவுதான் பழக்கம். மரண அறிவித்தலிலிருந்து வெட்டிய அக்காவின் படம். நெற்றித் திருநீற்றைக் கணினியில் அழித்திருந்தார்கள். கீழே, "இரகசிய விசுவாசியாக வாழ்ந்து, கடைசி மூச்சில் ஆண்டவரின் நாமத்தை அறிக்கையிட்ட சகோதரி."

கடைசி மூச்சில். பூட்டிய கதவுக்குப் பின்னால் தனியாக இறந்தவர்.

ஷெல்டனுக்குத் தொலைபேசி எடுத்தேன். யார் கேட்டது, எப்போது கேட்டது என்றேன். மிகவும் தாழ்ந்த குரலில் பதில் வந்தது. "சிஸ்டர், நாங்க நல்ல எண்ணத்துலதான் போட்டம். அவ்வளவு புத்தகம் வாசிச்சவங்க விசுவாசிக்காமலா இருந்திருப்பாங்க?"

அண்ணனும் இதைத்தான் நினைத்தார் என்று அப்போது நம்பினேன். இருவரும் ஒரே பிழையை இரண்டு பக்கத்திலிருந்து விடுகிறார்கள் என்று நினைத்தேன்.

ஷெல்டனின் பிரசுரம் ஊருக்குள் போய்விட்டது. அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. நினைவு மலர் இன்னும் கொடுபடவில்லை. அந்தப் பக்கத்தில் இருப்பது என் பெயர். காலி வீதியில் ஒரு கடையில் சிறு துண்டுகள் இருநூறு அச்சடித்தேன். "பிழைதிருத்தம்: பக்கம் 6, வரி 11. 'சைவ நூல்களை' என்பதைக் 'கிறிஸ்தவ நாவல்களை' என வாசிக்கவும்." ஜவாஹிறா கத்தரிக்கோலோடு வந்து வெட்டித் தந்தார். "உங்களுக்கு ஏசுவாங்க" என்றார். ஏசட்டும் என்றேன்.

முப்பத்தோராம் நாள் சாப்பாடு பாமன்கடையில் ஒரு சிறு மண்டபத்தில். மலர்களை எடுத்து வாசல் மேசையில் அடுக்குகிற வேலையை நானே கேட்டு வாங்கினேன். பின்னறையில் பெட்டிகள் இருந்தன. கதவைச் சாத்திக்கொண்டு, கட்டிப் பசையைக் கையில் எடுத்து, ஒவ்வொரு பிரதியாக ஆறாம் பக்கத்தைத் திறந்து ஒட்டினேன். வெளியே ஐயரின் குரலும் சமையல் கிடாரம் இறக்கும் சத்தமும் கேட்டன. ஒரு பிரதிக்கு அரை நிமிடம். துண்டு கோணலாக விழக்கூடாது என்று பார்த்துப் பார்த்து ஒட்டினேன். அந்தக் கவனத்தில் நேரம் போனதுதான் நான் விட்ட பிழை.

கதிர்காமநாதன் கதவைத் திறந்தார். புது வேட்டி, வெறும் மேல், நெற்றியில் திருநீற்றின் மூன்று குறி.

"என்ன செய்யிறீர், பிள்ளை?"

ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தேன். தூரப் பிடித்து வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

"அவ மாறேல்லை, அண்ணை" என்றேன். "கதை வாசிச்சவ. அவ்வளவுதான்."

"எனக்குத் தெரியாதே?" குரல் உயரவில்லை. "அவ மாறேல்லை எண்டு எனக்கு முதல் நாளே தெரியும். நான் தூக்கி வளர்த்த பிள்ளை. லண்டனில இருக்கிற சனத்துக்கு ஆர் விளங்கப்படுத்திறது? அவையின்ர வாயை ஆர் மூடுறது?"

ஷெல்டன் தெரியாமல் சொன்ன பொய் எனக்கு அப்போது அற்பமாகிப் போனது. இந்த மனிதர் தெரிந்தே செய்திருக்கிறார். தங்கை ஒரு குற்றமும் செய்யவில்லை என்று தெரிந்துகொண்டே இரண்டு வருடம் ஒவ்வொரு பண்டிகைக்கும் குளித்திருக்கிறார்.

"அப்ப ஏன் அவவோட கதைக்காமல் இருந்தனீங்கள்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. அடுக்கியிருந்த மலர்களைப் பார்த்தார். மேல் பிரதியின் அட்டையில் அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். நான் காத்திருந்தேன். மூன்று சொல் போதும். அந்தச் சொற்களுக்காகத்தான் ஒரு பெண் இருநூறு புத்தகம் வாசித்தார். அவர் வாயைத் திறந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"ஒட்டினது ஒட்டினபடி இருக்கட்டும். நான் கிழிக்கச் சொல்லேல்லை. மிச்சத்தை விட்டிட்டு வாரும். ஐயர் கூப்பிடுறார்."

அதை எனக்குச் செய்யும் பெரிய தயவாகச் சொன்னார். நான் எழுந்து போனேன். கையில் பசையோடு போய், படையலுக்கு முன்னால் எல்லோரோடும் நின்று கும்பிட்டேன். கத்தியிருக்கலாம். இழவு வீட்டில் கத்தக்கூடாது என்று யார் எனக்குச் சொல்லித் தந்தார்களோ, அவர்கள் மீதும் எனக்குக் கோபம்தான்.

சாப்பாடு முடிந்து ஆட்கள் ஒவ்வொருவராக மலரை எடுத்துக்கொண்டு போனார்கள். ஜவாஹிறாவுக்குக் கிடைத்ததில் துண்டு இருந்தது. மாதா படம் போட்ட பையோடு வந்திருந்த நோபேட்டுக்குக் கிடைத்ததில் இல்லை.

அச்சிட்டது இருநூறு பிரதி. நான் ஒட்டியது அறுபத்து மூன்றில். லண்டனுக்கு அனுப்புவதற்கென்று நாற்பது பிரதிகளைத் தனியாக ஒரு பெட்டியில் போட்டு, டேப் சுற்றி, மேசைக்குக் கீழே தள்ளி வைத்திருந்தார்கள். அந்தப் பெட்டியை நான் திறக்கவேயில்லை.