ராகு என்று நான் சொன்ன பிள்ளை

என் மருமகள் ஜோதிகா மீன் வெட்டுகிறவள். காசிமேட்டில் வரிசையாக உட்கார்ந்து வெட்டும் பெண்களில் அவள் கைதான் வேகம் என்று அவளைப் பிடிக்காதவர்களும் சொல்வார்கள். பிடிக்காதவர்களில் நானும் ஒருத்தி. அவள் கடற்கரைப் பெண் இல்லை. கொருக்குப்பேட்டையில் ரயில் பாதையோரம் பிறந்தவள்; தகப்பன் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கியவன். என் மகன் பொன்ராஜ் போட்டில் தொழிலுக்குப் போகிறவன். எங்கே பார்த்தானோ, ஒரு நாள் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றான். அன்றைக்கு அவளுக்குச் சங்கரா மீனுக்கும் நவரை மீனுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆறே மாதத்தில் வஞ்சிரத்தை அளந்து வைத்த மாதிரி துண்டு போட்டாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அவளுக்கு ஏழு மாதமாக இருக்கும்போது, தீபாவளிக்கு மறுநாள் சாயங்காலம் சூரிய கிரகணம் வந்தது. கிரகண நேரத்தில் பிள்ளைத்தாய்ச்சி வெளியே வரக்கூடாது, காய்கூட நறுக்கக்கூடாது. நறுக்கினால் பிள்ளையின் உதட்டில் வெட்டு விழும். எங்கள் தெருவில் இது யாரும் சொல்லித் தராமலே எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கென்று ஒரு மெஸ்காரர் இருபது கிலோ வஞ்சிரத்தோடு அவளைத் தேடி வந்தார்.

"வூட்ல குந்து. பாம்பு புடிக்கிற நேரம்," என்றேன்.

"அது புடிச்சிக்கினு போவட்டும் அத்த. மீனு கெட்டுப்பூடும்," என்று கத்தியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பொங்கலுக்கு முன்னால் பெண் குழந்தை பிறந்தது. மேலுதடு மூக்குவரை பிளந்திருந்தது. உள்ளே அண்ணமும் திறந்திருந்தது. பால் வைத்தால் பாதி மூக்கு வழியாக வந்தது.

ராகு கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். தேவர்கள் பந்தியில் அமுதம் பரிமாறும்போது ஒரு அசுரன் வேஷம் போட்டு நடுவில் உட்கார்ந்து வாயில் வாங்கிவிட்டான். சூரியனும் சந்திரனும் காட்டிக்கொடுத்தார்கள். விழுங்குவதற்குள் பரிமாறிய சாமி தலையை அறுத்துவிட்டார். தலைக்குச் சாவு இல்லை. ஆனால் வயிறும் இல்லை. அந்தக் கோபத்தில் சூரியனை விழுங்குகிறான், விழுங்கியது கழுத்து வழியாக வெளியே வந்துவிடுகிறது. பிள்ளையின் மூக்கில் பால் வடிந்ததும் எனக்கு அதுதான் நினைவு வந்தது. வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்: "இது புள்ள இல்லடி, ராகு."

அதோடு விட்டேனா? மார்க்கெட்டுக்குப் போய் வரிசை முழுக்கச் சொன்னேன். ஜோதிகாவுக்குப் பக்கத்துப் பலகையில் வெட்டும் கன்னியம்மா அதை இன்னும் நாலு வரிசைக்குக் கொண்டு போனாள்.

ஆஸ்பத்திரியில் இஷ்ரத் டாக்டரம்மா, பிள்ளை ஐந்து கிலோ வந்தால் உதட்டைத் தைத்துவிடலாம் என்றார். பிறந்தபோது இரண்டு கிலோ முந்நூறு. நிமிர்த்திப் பிடித்து, பாலாடைச் சங்கில் சொட்டுச் சொட்டாக ஊட்ட வேண்டும். ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம், ஒரு நாளைக்கு எட்டு வேளை. பொன்ராஜ் கடலுக்குப் போனால் பத்து நாள். ஜோதிகா ஒருத்தியே ஊட்டினாள். உட்கார்ந்தபடியே தூங்கி, தலை சுவரில் இடித்து விழித்துக்கொள்வாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்வானேன், நான் அந்தப் பிள்ளையைத் தொடவில்லை.

மூன்றாம் மாதம் தராசில் வைத்தால், ஏற வேண்டிய எடை முந்தின மாதத்தைவிட இருநூறு கிராம் இறங்கியிருந்தது. டாக்டரம்மா ஜோதிகாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஆயா, கிரகணம் வந்தப்போ இவளுக்கு எத்தனை மாசம்?"

"ஏழு."

"வயித்துல புள்ளையோட முகம் ரெண்டு பக்கத்துலேர்ந்தும் வளந்து வந்து நடுவுல சேரும். உதடு ஒட்டறது ரெண்டாம் மாசத்துல. அதுவரைக்கும் உங்களுக்கும் எனக்கும் இப்படித்தான் தொறந்து கெடந்துது. உங்க பாம்பு அஞ்சு மாசம் லேட்டா வந்திருக்கு."

"அப்ப யாரு செஞ்சது?"

"யாரும் செய்யல. சில குடும்பத்துல வழிவழியா வரும். உங்க வீட்ல யாருக்காவது இருந்துதா?"

"யாருக்கும் இல்ல," என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் ஜோதிகா பிள்ளையைப் பாயில் போட்டாள். பாலாடையை எடுக்கவில்லை.

"அறுத்தது நானு. நான் குடுத்தா அதுக்கு எறங்காது. எங்கனா ஆசிரமத்துல வுட்டுடலாம், அவங்களாச்சும் பொழைக்க வெப்பாங்க."

"அதான் டாக்டரம்மா சொன்னாங்களே, ரெண்டாம் மாசம்னு."

"அவங்களுக்கு ராகுவப் பத்தி இன்னா தெரியும்? நீதான அத்த சொன்ன."

படித்தவள் சொன்னது அவளிடம் ஏறவில்லை, நான் சொன்னது ஏறியிருந்தது. பிள்ளை பசியில் கத்திக்கொண்டிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் அசதி. அப்படியே படுத்துவிடலாம் போலிருந்தது.

"எங்கம்மாவுக்கு ஒண்ணு பொறந்துச்சு," என்றேன். "எனக்கு முன்ன. ஆம்பளப் புள்ள. இதே வாயி."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"கெரவணத்துல பொறந்துச்சா?"

"அந்த வருசம் கெரவணமே இல்ல. எங்கம்மா மாசமா இருக்கசொல்ல சுடுகாட்டு வழியா நடந்தாளாம், அதான்னு சொன்னாங்க. அரக்கன் பொறந்துட்டான்னு மூஞ்சிய துணியால மூடிட்டாங்க."

"பேரு இன்னா வெச்சாங்க?"

"வெக்கல. நாலு நாளுதான் இருந்துச்சு."

"பாலு?"

"யாரும் குடுக்கல."

ஜோதிகா அழவில்லை. பிள்ளையைத் தூக்கி நிமிர்த்திப் பிடித்து, பாலாடையை எடுத்தாள். முதல் சொட்டு உள்ளே போன பிறகுதான் பேசினாள்.

"என்னாண்ட சொல்லி இன்னா பிரயோசனம்? மார்க்கெட்டுல போய்ச் சொல்லு. அங்கதான கூவுன."

மறுநாள் காலையில் போனேன். கன்னியம்மா பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, எங்கம்மா, அந்தப் பிள்ளை, இரண்டாம் மாதம், எல்லாவற்றையும் சொன்னேன். கத்தியை நிறுத்தாமல் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"இன்னா ஆயா, மருமவள காப்பாத்தக் கத வுடுற? இருபது கிலோவ அவ அறுத்தத நாங்க எல்லாம் பாத்துகினுதான இருந்தோம்."

"அறுத்தா. அதனால வரல. எங்க ரத்தத்துல கீது."

"உன் ரத்தத்தையே தப்பு சொல்லிக்கிற. இன்னா மந்திரம் போட்டா உனக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் ராகு என்று சொன்னபோது ஒருத்திகூடச் சந்தேகப்படவில்லை. நிஜத்தைச் சொன்னால் சாட்சி கேட்கிறார்கள். எழுந்து அடுத்த வரிசைக்குப் போனேன். அங்கேயும் அதே பேச்சுதான். முட்டிவலியோடு தினமும் போய்க்கொண்டிருக்கிறேன்.

திரும்பி வந்ததும் ஜோதிகா வேறு எதுவும் பேச மாட்டாள். "இன்னிக்கு யாராண்ட சொன்ன?" என்று கேட்பாள். பேர்களைச் சொல்வேன். கேட்டுவிட்டுக் கீர்த்தியை என் மடியில் போடுவாள், பாலாடையைக் கையில் கொடுப்பாள், சுவர் பக்கம் திரும்பித் தூங்கிவிடுவாள். பிள்ளைக்கு அந்தப் பேரை அவளே வைத்தாள், என்னைக் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் ஊட்டுவதற்குள் முதுகு விட்டுப்போகிறது. மூக்கில் வடிவதைத் துடைத்துத் துடைத்து ஊட்டுகிறேன்.

இன்றைக்கு நண்டு விற்கிறவர்களிடம் சொன்னேன். இரண்டு பேர் நம்பினார்கள். பிள்ளை நாலு கிலோ நூறு.